ஹாலுக்கு ஒரு கேபினெட்

மே 4, ஞாயிறு

கத்திரி இன்று தொடங்கியது. ஹாலில் டி.வி.க்குக் கீழே ஒரு கம்ப்யூட்டர் வைப்பது என்று வீட்டில் பேசி முடித்தாயிற்று. எந்தக் கேபினெட் என்பதுதான் இனி கேள்வி. பிராசசர், மதர்போர்டு, மெமரி எதையும் இன்னும் வாங்கவில்லை. வழக்கமாக எல்லாம் வாங்கிவிட்டு, மிஞ்சிய பணத்துக்கு ஒரு கேபினெட் எடுப்பார்கள். மேஜைக்கு அடியில் நிற்கிற கம்ப்யூட்டருக்கு அது போதும். படம் பார்க்க வைக்கிற கம்ப்யூட்டருக்குக் கேபினெட்தான் முதலில். எவ்வளவு உயரமான கூலர் உள்ளே நிற்கும், எவ்வளவு பெரிய ஃபேன் பொருந்தும் என்பதெல்லாம் அதைப் பொறுத்தது. எவ்வளவு சத்தம் வரும் என்பது அந்தக் கூலரையும் ஃபேனையும் பொறுத்தது.

தம்பி போனில் கேட்டான்: “டி.வி.யிலேயே எல்லா ஆப்பும் இருக்கே அண்ணா, இது எதுக்கு?”

என்னிடம் இருப்பவை வட்டுகள். ப்ளூரே வட்டில் படத்துக்கு மட்டும் வினாடிக்கு 40 மெகாபிட் வரை இடம் உண்டு. இணையம் வழியாக வரும்போது அதில் ஒரு பங்குதான் வருகிறது. இருட்டுக் காட்சிகளில் சுவரும் நிழலும் திட்டுத் திட்டாகத் தெரிவது அதனால்தான். ஆப்பில் இன்று இருக்கிற படம் உரிமம் முடிந்ததும் போய்விடும். வட்டு போகாது.

எனக்கு இதில் பெரிய விஷயம் அமைதி. மகேந்திரன் 1979இல் எடுத்த ‘உதிரிப்பூக்கள்’ பேச்சைக் குறைத்து எடுத்த படம். பேச்சு விட்ட இடத்தை அசோக் குமாரின் ஒளிப்பதிவும் இளையராஜாவின் இசையும் எடுத்துக்கொள்கின்றன. அந்த இசையும் ஓய்ந்து நிற்கிற நேரத்தில் டி.வி. பக்கத்திலிருந்து ஒரு சின்ன ஃபேன் ‘ஙொய்’ என்று கத்தினால், எத்தனை பெரிய திரை இருந்தும் பயனில்லை.

“தலைக்கு மேல சீலிங் ஃபேன் ஓடுது. அதுல இது எங்கடா காதுல விழப் போகுது?” என்றார் அம்மா. கேட்க வேண்டிய கேள்வி. சீலிங் ஃபேன் சத்தம் விரிந்த காற்றோசை, மேலிருந்து வருவது, சற்று நேரத்தில் காது அதை விட்டுவிடும். சின்ன ஃபேனின் சத்தத்துக்குச் சுருதி உண்டு. அது வசனம் வருகிற திசையிலிருந்தே வருகிறது. அதனால் அளவில் குறைவாக இருந்தாலும் காது அதை விடாமல் பிடித்துக்கொள்ளும். கச்சேரி நடக்கிற சபையில் பின்வரிசையில் ஒருவர் விசிலடிப்பது மாதிரி.

மே 6, செவ்வாய்

டி.வி. யூனிட்டை டேப் வைத்து அளந்தேன். கீழ்த் தட்டு அகலம் 520 மி.மீ., உயரம் 230, ஆழம் 450. பின்னால் பிளைவுட் அடைத்திருக்கிறது. ஒயர் போக ஒரு வட்ட ஓட்டை மட்டும்.

ஆழத்தை முழுசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எச்.டி.எம்.ஐ. கேபிளின் தலையும் அது வளைகிற இடமும் சேர்த்துப் பின்னால் 60 மி.மீ.யாவது வேண்டும். ஆகவே கையில் இருப்பது 390. உயரத்திலும் மேலே காற்றுப் போக இடைவெளி விட்டால் 180க்கு மேல் போகக் கூடாது. இந்த எண்களைத் தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்ட பிறகுதான் படங்களைப் பார்க்கவே ஆரம்பித்தேன்.

மதர்போர்டு மூன்று அளவில் வருகிறது. ஏ.டி.எக்ஸ். 305க்கு 244 மி.மீ., மைக்ரோ ஏ.டி.எக்ஸ். 244க்கு 244, மினி ஐ.டி.எக்ஸ். 170க்கு 170. கேபினெட் சிறுக்கச் சிறுக்கப் போர்டும் சிறுக்க வேண்டும். இங்கே சின்னப் போர்டுக்கு விலையும் அதிகம், கடையில் கிடைப்பதும் குறைவு.

தனி கிராபிக்ஸ் கார்டு வேண்டாம் என்று முடிவு. இன்டெல்லின் 7ஆம் தலைமுறையிலிருந்தே 10 பிட் எச்.இ.வி.சி. முறையில் சுருக்கிய படங்களைப் பிராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸே விரித்துக் காட்டிவிடும். 11ஆம் தலைமுறையிலிருந்து ஏ.வி.1 படங்களையும் காட்டும். விளையாட்டு ஆடாத வீட்டில் கார்டு என்பது சூடும் சத்தமும்தான்.

மே 10, சனி

சென்னை ரிச்சி தெரு. பதினோரு மணிக்கே வெயிலில் நிற்க முடியவில்லை. கடைக்குக் கடை கண்ணாடிப் பக்கம் வைத்து, ஏழு வண்ண விளக்கு எரிகிற கேபினெட்டுகள். ஒரு கடையில் என் தாளை நீட்டினேன்.

“படுக்க வைக்கிற கேபினெட்டா? இப்ப யாரு சார் அதைக் கேக்கறாங்க? முன்னாடி வரும். டிஸ்ப்ளே எல்லாம் வச்சு, ஆம்ப்ளிஃபையர் மாதிரியே இருக்கும்” என்றார் கடைக்காரர்.

அவர் சொன்னது உண்மை. மைக்ரோசாஃப்ட் 2002இல் விண்டோஸ் எக்ஸ்.பி. மீடியா சென்டர் பதிப்பைக் கொண்டுவந்த பிறகு பத்து வருஷம்போல இந்தக் கேபினெட்டுகளுக்கு நல்ல காலம். முகப்பில் பாட்டின் பெயர் ஓடும் திரை, ரிமோட், வால்யூம் திருகு எல்லாம் வைத்துச் செய்தார்கள். 2015இல் விண்டோஸ் 10 வந்தபோது மீடியா சென்டரை எடுத்துவிட்டார்கள். அதற்குள் டி.வி.யில் செருகும் ஸ்டிக்கும் ஸ்மார்ட் டி.வி.யும் வந்துவிட்டன. இன்று தேடித்தான் வாங்க வேண்டும். சில்வர்ஸ்டோன், ஃப்ராக்டல் டிசைன், ஸ்ட்ரீகாம் என்று ஒரு சில பெயர்களே மிஞ்சியிருக்கின்றன.

கடைக்காரர் ஒரு உதவி செய்தார். காட்சிக்கு வைத்திருந்த கேபினெட் ஒன்றின் மூடியைக் கழற்றிக் கையில் கொடுத்தார். ஓரத்தைப் பிடித்து முறுக்கினேன், வளைந்தது. விரலால் தட்டினால் டப்பா ஓசை. மெல்லிய தகடு ஹார்ட் டிஸ்க்கின் அதிர்வை வாங்கிப் பெரிதாக்கும். நிமிஷத்துக்கு 7,200 சுற்று சுற்றுகிற டிஸ்க் வினாடிக்கு 120 முறை அதிர்கிறது. அதுதான் ராத்திரியில் கேட்கிற அந்த அடித்தொண்டை ரீங்காரம். மர அலமாரியில் வைத்தால் தட்டும் சேர்ந்து பாடும். என் முடிவு, ஹாலில் ஹார்ட் டிஸ்க்கே கிடையாது. வட்டுகளிலிருந்து எடுத்துவைத்த படங்கள் இருக்கும் டிஸ்க்குகள் உள் அறையில், நெட்வொர்க் கேபிளின் மறுமுனையில். ஹாலில் எஸ்.எஸ்.டி. மட்டும்.

மே 11, ஞாயிறு

மூன்று கேபினெட்டுகளுக்குள் வந்து நிற்கிறேன்.

ஃப்ராக்டலின் நோட் 202. உயரம் 82 மி.மீ.தான். பார்க்க அத்தனை அழகு. ஆனால் கூலருக்கு உள்ளே 56 மி.மீ. உயரம்தான் கிடைக்கும்.

சில்வர்ஸ்டோன் எம்.எல்.03. அகலம் 440, உயரம் 105. மைக்ரோ ஏ.டி.எக்ஸ். போர்டு பிடிக்கும். ஆடியோ ரிசீவருக்குப் பக்கத்தில் வைத்தால் ஒரே செட் என்று தோன்றும். கூலர் 70 மி.மீ. வரை.

அதே சில்வர்ஸ்டோனின் ஜி.டி.09. 440 அகலம், 170 உயரம், 358 ஆழம். முழு ஏ.டி.எக்ஸ். போர்டே உட்காரும். வட்டு டிரைவ் வைக்காவிட்டால் 138 மி.மீ. கூலர் நிற்கும். பக்கவாட்டில் 120 மி.மீ. ஃபேன்களுக்கு இடம். அழகில் மூன்றாவது இடம்தான், முகப்பு பிளாஸ்டிக்.

குளிர்நாட்டில் இருந்தால் முதலாவதைத்தான் வாங்குவேன். அங்கே சோதனை செய்கிறவர்கள் இருபது, இருபத்திரண்டு டிகிரி அறையில் வைத்துப் பார்க்கிறார்கள். எங்கள் ஹாலில் மே மாத ராத்திரி 32 டிகிரி. அறை பத்து டிகிரி ஏறினால் பெட்டிக்குள் ஒவ்வொன்றும் ஏறக்குறைய பத்து டிகிரி ஏறும். ஏறியதை இறக்க ஃபேன் வேகமெடுக்கும். அப்புறம் சத்தம்.

கணக்கு இதுதான். ஃபேன் தள்ளுகிற காற்று அதன் வேகத்துக்கு ஏற்பக் கூடும், குறையும். சத்தம் அப்படியல்ல. வேகத்தைப் பாதியாக்கினால் சுமார் 15 டெசிபல் குறையும். 120 மி.மீ. ஃபேனின் வட்டப் பரப்பு 80 மி.மீ. ஃபேனைப்போல இரண்டேகால் மடங்கு. ஆகவே பெரிய ஃபேனை மெதுவாக ஓட்டி, சின்ன ஃபேன் கத்திக்கொண்டு செய்கிற வேலையை வாங்கிவிடலாம். உயரமான கூலரும் அப்படித்தான். தகடுகள் அதிகம், மெதுவான காற்றே போதும். 170 மி.மீ. உயரமான பெட்டியைப் பார்த்து ‘இவ்வளவு பெரிசா’ என்று கேட்கிறவர்களுக்கு இந்தப் பதிலைச் சொல்ல வேண்டும்.

மே 14, புதன்

ஃபேனே இல்லாத கேபினெட் ஏன் வாங்கவில்லை என்று அலுவலகத்தில் நண்பர் கேட்டார். ஸ்ட்ரீகாம் எஃப்.சி.8 அந்த வகை. பிராசசரின் சூட்டைச் செம்புக் குழாய்கள் பக்கச் சுவருக்குக் கடத்துகின்றன, சுவரே கூலர். எனக்கு மிகவும் பிடித்த வடிவமைப்பு. திறந்த மேஜைமேல், சுற்றிலும் காற்று இருக்கிற இடத்தில் அது சரி. மூன்று பக்கம் அடைத்த அலமாரித் தட்டில் அந்தச் சுவருக்குக் காற்று எங்கிருந்து வரும்?

அலுமினியம் என்றால் குளிர்ச்சி என்றும் அவர் நம்புகிறார். பலரும் நம்புகிறார்கள். சூடான பொருள் அலுமினியத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால்தான் அது சூட்டைக் கடத்தும். சாதாரணக் கேபினெட்டில் பிராசசருக்கும் சுவருக்கும் நடுவில் இருப்பது காற்று. அங்கே அலுமினியமும் இரும்பும் ஒன்றுதான். கனமான இரும்புத் தகடு அதிர்வை அடக்கும் என்பது கூடுதல். நாங்கள் இருக்கிற திருவான்மியூரில் உப்புக் காற்று வெட்டிய ஓரங்களைத் துருப்பிடிக்க வைக்கும். பெயின்ட் ஓரம்வரை வந்திருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

ஜி.டி.09க்கு ஆர்டர் சொல்லியாயிற்று.

மே 18, ஞாயிறு

எலக்ட்ரீஷியனை வரச் சொல்லியிருந்தேன். கேபினெட் வருவதற்கு முன்னால் முடிய வேண்டிய வேலை இது.

இரும்புக் கேபினெட்டைத் தொட்டால் லேசாகச் சுரீர் என்கிறது என்று பலர் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் மின் இரைச்சலை வடிகட்ட இரண்டு சிறு கெப்பாசிட்டர்கள் இருக்கின்றன. ஒன்று ஃபேஸிலிருந்து கேபினெட் உடலுக்கு, இன்னொன்று நியூட்ரலிலிருந்து உடலுக்கு. எர்த் சரியாக இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் உடல் 230 வோல்ட்டின் பாதியில் தொங்கும், அதாவது சுமார் 115 வோல்ட். கசிவு மிகச் சிறியதுதான். ஆனாலும் வெறுங்காலோடு மொசைக் தரையில் நின்று தொடுகிற வீட்டில், அதுவும் அம்மா தினம் துணி எடுத்துத் துடைக்கப்போகிற பெட்டியில், அதை விட்டுவைக்க முடியாது. அதே எர்த் குறைதான் ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்ற முனகலாகவும் வரும்.

பிளக் பாயின்ட்டைக் கழற்றினார். மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இல்லை. பழைய கட்டடம். “இங்க நிறைய வீட்ல இப்படித்தான் சார். மூணு ஓட்டை இருக்கும், எர்த் இருக்காது” என்றார். மெயின் போர்டிலிருந்து புதிதாகப் பச்சை ஒயர் இழுத்தார். டி.வி., ரிசீவர், கம்ப்யூட்டர் மூன்றுக்கும் இப்போது ஒரே எர்த்.

மே 24, சனி

கேபினெட் வந்தது. மாலையில் மகளும் நானும் உட்கார்ந்து கோத்தோம். 120 மி.மீ. ஃபேன்களை உள்ளே இழுக்கும் வாட்டத்தில் வைத்தோம், முன்னால் வடிகட்டி. பின்னால் இருக்கிற 80 மி.மீ. இடங்களில் எதுவும் வைக்கவில்லை. உள்ளே வருகிற காற்று கூடுதலாக இருந்தால் அது கண்ட இடுக்கு வழியாக வெளியே தள்ளிக்கொண்டு போகும், தூசி அந்த இடுக்குகளில் நுழையாது. காலியான 80 மி.மீ. துளைகளின் உள்பக்கம் மெல்லிய கொசுவலை ஒட்டினாள் மகள். பல்லிக்கு மதர்போர்டின் கதகதப்பு பிடிக்கும்.

பவர் விளக்கின் ஒயரைச் செருகவில்லை. இருட்டு ஹாலில் நீல விளக்கு கண்ணைக் குத்தும். ரிமோட்டுக்கு யு.எஸ்.பி.யில் ஃப்ளிர்க் என்ற சிறு ரிசீவர். கம்ப்யூட்டர் ஓய்விலிருக்கும்போதும் எஸ்.எம்.பி.எஸ். 5 வோல்ட் கொடுத்துக்கொண்டிருக்கும், அதனால் பயாஸில் யு.எஸ்.பி. விழிப்பை அனுமதித்தால் அம்மா சோபாவிலிருந்தே எழுப்பிவிடலாம். ஃபேன்கள் நான்கு முனை வகை. 600 சுற்றுக்கு மேல் போக வேண்டாம், பிராசசர் 65 டிகிரி தாண்டினால் மட்டும் ஏறு என்று எழுதிவைத்தேன்.

ராத்திரி ‘உதிரிப்பூக்கள்’ போட்டோம். சீலிங் ஃபேனை நிறுத்திவிட்டும் கேட்டுப் பார்த்தேன். சோபாவில் உட்கார்ந்தால் பெட்டி ஓடுவது தெரியவில்லை. அம்மா ஆற்றங்கரைக் காட்சி முடியும்வரை வாய் திறக்கவில்லை.

மே 25, ஞாயிறு

நேற்றுப் படம் ஓடி ஒரு மணி நேரம் போனதும் தட்டுக்குள் காற்று அனலாக நின்றது. வெளியேறிய சூடு பின்பலகையில் முட்டி, பக்கவாட்டு ஃபேனுக்கே திரும்பி வருகிறது. காலையில் ஆசாரியை அழைத்தேன்.

“பின்பலகை இல்லாட்டி சுவர் தெரியுமே தம்பி?”

“பெட்டி மறைச்சுக்கும் அண்ணே. கழட்டிடுங்க.”

பலகையைக் கழற்றி, யூனிட்டைச் சுவரிலிருந்து மூன்று விரல் தள்ளி வைத்தார். அதே படம், அதே நேரம், பிராசசர் எட்டு டிகிரி இறங்கியது. ஃபேன் 600ஐத் தாண்டவே இல்லை.

வீட்டில் புதிதாக டி.வி. யூனிட் செய்யக் கொடுக்கிறவர்கள் ஆசாரியிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: கீழ்த் தட்டு 230 மி.மீ.க்குக் குறையாமல் உயரம், 450க்குக் குறையாமல் ஆழம், பின்பலகை வேண்டாம். எலக்ட்ரீஷியன் வருகிற அன்றே எர்த்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.