உப்புக் காற்றும் ஒரு ரீம் தாளும்

ஐப்பசி பிறந்தால் தொண்டியில் சாடிக்குள் இருக்கும் உப்பே நீர்த்துப்போகும். அப்படியிருக்கத் தாள் மட்டும் எப்படித் தப்பும்? இதை அறிந்துகொள்ள எங்களுக்கு ஒரு மழைக்காலமும் இரண்டு ரீம் தாளும் செலவாயின.

எங்களுக்குத் தமிழ் சொல்லித்தந்த ஆசிரியர், கடற்கரையில் தாம் கேட்ட சொற்களைப் பள்ளிக்கூட நோட்டுகளில் எழுதி வைத்திருந்தார். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் எனக் காற்றுக்கு மட்டுமே பல பக்கங்கள். அவர் மறைந்து சில ஆண்டுகளுக்குப் பின் அம்மா, அதாவது அவருடைய துணைவியார், அந்த நோட்டுகளை எங்களிடம் கொடுத்தார். மை மங்கியிருக்கவில்லை. ஆனால் தாள் பழுப்பேறி, புரட்டும்போதே அப்பளமாக நொறுங்கியது. எல்லாவற்றையும் தட்டச்சு செய்து, லேசர் அச்சுப்பொறியில் நாற்பது பிரதிகள் எடுத்துத் தைத்துவிடுவது என்று முடிவு செய்தோம்.

முதலில் ஆசைப்பட்டது கையால் செய்த தாளுக்கு. தொட்டால் துணிபோல் இருந்தது, அச்சிட்டதும் ஏமாற்றியது. லேசர் அச்சில் ஈரமான மை கிடையாது. பிளாஸ்டிக் கலந்த நுண்பொடி மின்னேற்றத்தால் தாளில் படிந்து, சூடான உருளைகளுக்கிடையே உருகி ஒட்டிக்கொள்கிறது. அது தாளின் மேலேயே நிற்கும்; உள்ளே ஊறாது. மேடுபள்ளமான தாளில் பள்ளங்களில் பொடி சரியாகப் பற்றவில்லை. அம்மாவிடம் காட்டினோம். அவர் விரல் பட்ட இடத்தில் ‘கொண்டல்’ என்ற சொல்லின் நடு எழுத்து உதிர்ந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எங்களை உறுத்தியது.

அடுத்து வழவழப்பான சாதாரணத் தாள் வாங்கினோம். உறையைப் பிரித்து, சன்னலோர மேசையில் நான்கு நாள் வைத்திருந்தோம். அச்சிட்டபோது சில பக்கங்கள் வெளிறின, சில சுருண்டன, சில உருளையில் சிக்கிக் கிழிந்தன. தாள் காற்றின் ஈரத்தைக் குடித்துவிடும். ஈரத்தாளில் மின்னேற்றம் நிலைக்காததால் பொடி சரியாகப் படியாது. உருளையின் கடுஞ்சூட்டில் அந்த ஈரம் திடீரென வெளியேற, தாள் சுருளும்.

மதுரையில் தாள் விற்கும் பெரியவர் ஒருவர்தான் எங்களுக்குக் கணக்குச் சொல்லித்தந்தார். 80 ஜிஎஸ்எம் என்றால் ஒரு சதுர மீட்டர்த் தாளின் எடை 80 கிராம். ஏ4 தாள் அதில் பதினாறில் ஒரு பங்கு. எனவே ஐந்து கிராம். 500 தாள் கொண்ட ரீம் இரண்டரைக் கிலோ. எங்கள் பணிக்கு அந்தக் கனம் போதும் என்றார். இரு பக்கமும் அச்சிட்டால் மறுபக்க எழுத்து அதிகம் தெரியாது. மினுமினுக்கும் புகைப்படத் தாளை எடுத்த எங்கள் நண்பரின் கையைத் தடுத்தார். இங்க்ஜெட்டுக்கான பூச்சு உருளையின் சூட்டில் உருகி, பொறியையே கெடுத்துவிடலாமாம்.

கடைசியாக, அமிலமற்ற தாளா என்று பார்க்கச் சொன்னார். பழைய தாள்களில் மை ஊறாமலிருக்கப் படிகாரமும் பிசினும் சேர்ப்பார்கள். அதனால் உண்டாகும் அமிலம் நாரை மெல்ல அறுத்துவிடும். எங்கள் ஆசிரியரின் நோட்டுகளையும் அதுதான் தின்றிருக்க வேண்டும் என்று அப்போது தோன்றியது.

மழை விட்ட ஒரு காலையில், அச்சிடும் நேரத்தில் மட்டும் உறையைப் பிரித்தோம். மிஞ்சிய தாளை உடனே பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தோம். நாற்பது பிரதிகளும் தேறின.

எங்கள் பக்கத்துப் பனைகளின் ஓலையில் எழுத்தாணியால் கீறி, கீறலில் கரி தடவியவர்கள் நம் முன்னோர். லேசர் பொடியின் கருமையும் பெரும்பாலும் கரியே. கரி எளிதில் மங்காது. அதைச் சுமப்பதுதான் முதலில் மடிகிறது. அதனால்தான் ஓலை நலியும் முன்பே வேறோர் ஓலையில் படியெடுத்தார்கள். இந்த நாற்பதும் ஒருநாள் பழுக்கும். அதற்குள் யாரேனும் படியெடுக்க வேண்டும்.

முதல் பிரதியை அம்மாவிடம் கொடுத்தோம். காற்றுகளின் பக்கத்தைத் திருப்பி, ‘கொண்டல்’ மீது நகத்தால் மெல்லச் சுரண்டிப் பார்த்தார். உதிரவில்லை.