எதிர்வீட்டு ஊறுகாய்ப் பாஸ்தா

மிச்சிகன் மாநிலத்தில் கோடை மிகக் குறுகியது. மாதக்கணக்கில் பனிக்கு அஞ்சிக் கதவடைத்துக் கிடந்தவர்கள், ஜூன் பிறந்ததும் முற்றத்துக்கும் பூங்காவுக்கும் வந்துவிடுகிறார்கள். பள்ளிவாசல் ஜமாஅத்தின் கோடைக்கூடல், உயர்நிலைப் பள்ளியை முடித்த பிள்ளைகளுக்கான விருந்து, தெருவாசிகள் அனைவரும் ஒன்றுசேரும் ஜூலை 4 என்று வாரம் தவறாமல் ஏதேனும் ஓர் அழைப்பு வரும். எல்லாவற்றுக்கும் ஆளுக்கொரு பண்டம் செய்து கொண்டுபோக வேண்டும். நம் சகோதரிகளில் பலர் பிரியாணியோடு போகிறார்கள். அதன் மீது எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை. ஆனால் அதைச் சமைத்தவர் காலை முழுவதும் அடுப்படியில் நின்றுவிட்டு, விருந்துக்கு வந்தபின் நாலு வார்த்தை பேசவும் தெம்பின்றி மர நிழலில் சாய்ந்திருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். முதல்நாள் இரவே செய்து குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடும் பண்டமே கோடைக்கு ஏற்றது என்பது என் கருத்து. அப்படி நான் கற்றுக்கொண்டதுதான் ஊறுகாய்ப் பாஸ்தா.

பெயரைக் கேட்டதும் முகம் சுளிக்க வேண்டாம். எண்ணெயும் மிளகாய்ப்பொடியும் மிதக்கும் நம் ஊறுகாய் அன்று இது. சிறு வெள்ளரிக்காயை உப்பு நீரிலோ வினிகரிலோ, பூண்டும் சதகுப்பையும் சேர்த்து ஊறவைத்தது. ஊறிய காய்தானே ஊறுகாய்! அந்த வகையில் பார்த்தால் நம்முடையதைவிட அவர்களுடையதற்கே அப்பெயர் பொருந்தும் போலிருக்கிறது. அமெரிக்காவில் ஊறுகாய்க்கான வெள்ளரி மிகுதியாக விளையும் மாநிலமும் இந்த மிச்சிகன்தான். எனவே இங்குள்ள கோடை விருந்து எதிலும் அதைக் காணாமல் இருக்க முடியாது.

ஆயினும் கடையில் சில ஜாடிகளைத் திருப்பிப் பார்த்தால் 'இந்தியாவின் விளைபொருள்' என்று அச்சிட்டிருக்கும். 1990களின் தொடக்கத்தில் கர்நாடகத்தில் சிறிய அளவில் தொடங்கிய கெர்கின் வெள்ளரிச் சாகுபடி, பின்னர் தமிழ்நாட்டுக்கும் ஆந்திரம், தெலங்கானாவுக்கும் பரவியது. ஏறத்தாழ 90 நாளில் பலன் முடியும் பயிர். விளைவதில் பெரும்பகுதி கப்பலேறிவிடுவதால், விளையும் ஊர்க்காரர்களே அதை உண்டறியார். நம் பக்கத்துக் காட்டில் பறித்த பிஞ்சு கடல் கடந்து வந்து, மிச்சிகன் கடையொன்றில் என் கையில் அகப்படுகிறது. ரிஸ்க் என்பது எங்கெங்கோ சுற்றி வந்து உரியவரைச் சேரும் என்று வாப்பா சொல்வதுண்டு. அந்த ஜாடிகளைப் பார்க்கும்போதெல்லாம் அது நினைவுக்கு வருகிறது.

இந்தப் பாஸ்தாவை எனக்குக் கற்றுத் தந்தவர் எதிர்வீட்டு அம்மையார். கணவரை இழந்து தனியே வாழ்பவர், எழுபதைக் கடந்தவர். நாங்கள் இத்தெருவுக்குக் குடிவந்த முதல் ஜூலையில், விருந்து மேசையில் நாங்கள் தர்பூசணியையும் உருளை வறுவலையும் மட்டும் எடுத்துக்கொண்டதைக் கவனித்திருக்கிறார். மறுநாள் வாசலில் நின்று, "என் பாஸ்தா உங்களுக்குப் பிடிக்கவில்லையா?" என்று நேரடியாகவே கேட்டார். அதில் பேக்கன் எனப்படும் பன்றி இறைச்சித் துண்டுகள் கலந்திருப்பதைச் சொன்னேன். அதோடு, பாலாடைக்கட்டியைத் திரிக்கச் சேர்க்கும் என்சைம் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்ததாக இருக்கலாம் என்பதையும், சில நிறுவனங்களின் சவர் கிரீமில் ஜெலட்டின் சேர்ப்பதையும் விளக்கினேன். ஒருவரிடம் இவ்வளவையும் அடுக்கும்போது, நம்மைத் தொல்லை பிடித்தவர்கள் என்று எண்ணிவிடுவாரோ என்ற கூச்சம் நம் எல்லோருக்கும் உண்டல்லவா? அவர் கேட்டுக்கொண்டு, தலையசைத்துவிட்டுப் போனார்.

அடுத்த ஆண்டு அவர் மேசையில் இரண்டு கிண்ணங்கள் இருந்தன. ஒன்றின் கரண்டியில் பச்சை நாடா கட்டியிருந்தது. அதனருகே காலி ஊறுகாய் ஜாடி, பாலாடைக்கட்டியின் உறை, தயிர் டப்பா எல்லாவற்றையும் கழுவித் துடைத்து வரிசையாக அடுக்கி வைத்திருந்தார், நான் படித்துப் பார்ப்பதற்காக! பாலாடைக்கட்டி நுண்ணுயிர் என்சைமால் ஆனது. சவர் கிரீமுக்குப் பதில் ஜெலட்டின் இல்லாத கெட்டித் தயிர். அதற்கடுத்த ஆண்டு ஒரே கிண்ணந்தான் இருந்தது. பேக்கனை அடியோடு விட்டுவிட்டாராம். "யாருக்கும் வித்தியாசமே தெரியவில்லை" என்று சிரித்தார்.

லேபிள் படிப்பதைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். 'கோஷர் டில்' என்று ஜாடியில் எழுதியிருந்தால் அது யூத மதச் சான்றிதழ் பெற்றது என்று பொருளல்ல. நியூயார்க் யூதக் கடைக்காரர்களின் பாணியில் பூண்டு சேர்த்து ஊறவைத்தது என்பதே பொருள். சான்றிதழ் முத்திரை தனியே இருக்கும். வினிகரைப் பற்றியும் பல சகோதரிகள் கேட்கிறார்கள். மது தானாகவே வினிகராக மாறிவிட்டால் அது ஆகும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. ஏதேனும் சேர்த்து வலிந்து மாற்றினால் ஹனஃபி மத்ஹபில் கூடும். ஷாஃபி மத்ஹபில் கூடாது. நம் தமிழ் முஸ்லிம்களில் இரு சாராரும் இருப்பதால், ஐயமுள்ளவர்கள் தங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்வது நல்லது. வீட்டில் குழம்பு எதுவும் இல்லை, வினிகர் மட்டுமே இருக்கிறது என்று சொல்லப்பட்டபோது, நபி (ஸல்) அவர்கள் அதையே வரவழைத்து, புகழ்ந்து உண்டதை ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிப்பதாக ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம். ஒரு புளிப்பு நீரையும் குறை சொல்லாமல் உண்ட அந்தப் பண்பு என்னை மிகவும் ஈர்ப்பது.

2025 கோடையில் உம்மா காயல்பட்டினத்திலிருந்து எங்களோடு தங்க வந்திருந்தார். அந்த ஆண்டு எதிர்வீட்டு அம்மையாருக்கு மூட்டுவாதம் முற்றி, கத்தியைப் பிடிக்க விரல்கள் மடங்கவில்லை. தெரு விருந்துக்கு அவருடைய பாஸ்தாவை என் அடுப்படியில் செய்து தர முடியுமா என்று கேட்டார். நான் உடனே ஒப்புக்கொண்டேன். உம்மாவுக்கு அது உவப்பாக இல்லை.

"அவங்க கொண்டாட்டத்துக்கு நாம எதுக்கு ஆக்கிக் கொடுக்கணும்?" என்பது முதல் கேள்வி. அது நாட்டின் விடுதலை நாள், மதவிழா அன்று என்று சொன்னேன். இத்தகைய கூடல்களுக்குப் போவதில் தயக்கமுள்ள சகோதரிகளை நான் அறிவேன். அவர்களுடைய பேணுதலை மதிக்கிறேன். ஆனால் உணவில் பேணுதலாக இருப்பது வேறு, மனிதரை விட்டு ஒதுங்குவது வேறு என்றே நான் கருதுகிறேன். ஆணம் ஆக்கினால் தண்ணீரைக் கூட்டி அண்டை வீட்டாருக்கும் கொடுக்கும்படி அபூதர் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை எனக்குச் சிறுவயதில் சொல்லித் தந்தவரே உம்மாதான். அதை நினைவூட்டியதும் சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

அடுத்தது மயோனைஸ். அந்த ஏப்ரலில்தான் தமிழ்நாடு அரசு பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்கு ஓராண்டுத் தடை விதித்திருந்தது. "அங்கே வேணாம்னு நிறுத்தினதை இங்கே வந்து தின்னணுமா?" என்றார். நியாயமான கேள்விதான். பச்சை முட்டையில் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். கடைகளில் கையால் அடித்து வெயிலில் வைத்திருக்கும்போது அது பெருகும். இங்கு ஜாடியில் அடைத்து விற்கும் மயோனைஸில் கிருமிநீக்கம் செய்த முட்டையைச் சேர்க்கிறார்கள். வினிகரின் புளிப்பும் காப்பாக நிற்கிறது. இருந்தாலும் கலந்தபின் கவனம் வேண்டும். வெளியில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. வெப்பம் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் 1 மணி நேரமே. அகலத் தட்டில் பனிக்கட்டியைப் பரப்பி அதன்மேல் கிண்ணத்தை வைப்பதே என் வழக்கம்.

உம்மா ஜாடியைத் திறந்து முகர்ந்தார். "பச்சப்பிள்ளைக்குக் குடுக்குற கிரைப் வாட்டர் வாசமால்ல அடிக்குது!" என்றார். உண்மைதான், அதில் சேர்வதும் சதகுப்பை எண்ணெய்தான். பிள்ளை பெற்றவளுக்கான மருந்துச் சரக்கில் சதகுப்பையை இடித்துச் சேர்த்தவர் அவர். அறிமுகமான வாசம் என்றதும் கத்தியைத் தாமே கையில் எடுத்துக்கொண்டார்.

செய்முறை எளிது. ஒரு பவுண்டு, அதாவது ஏறத்தாழ 450 கிராம் சுருள் பாஸ்தாவை உப்பிட்ட கொதிநீரில், பொட்டலத்தில் குறித்திருப்பதைவிட ஒரு நிமிடம் கூடுதலாக வேகவைக்க வேண்டும். குளிர்ந்ததும் அது விறைக்கும் என்பதால் இந்தக் கூடுதல் நிமிடம். வடித்துக் குளிர்ந்த நீரில் அலசி, நீர் முழுவதும் வடிந்தபின், ஊறுகாய் ஜாடியிலுள்ள நீரில் அரைக் கோப்பையை அதன்மேல் ஊற்றிப் புரட்டிப் பத்து நிமிடம் விட வேண்டும். அம்மையாரின் கைப்பக்குவம் முழுவதும் இந்தப் பத்து நிமிடத்தில்தான் இருக்கிறது. இதை விட்டுவிட்டால் மேலே மட்டும் புளிக்கும், உள்ளே சப்பென்றிருக்கும். பிறகு முக்கால் கோப்பை மயோனைஸ், அரைக் கோப்பை கெட்டித் தயிர், கால் கோப்பை ஊறுகாய் நீர், மிளகுத்தூள், பொடியாக அரிந்த சதகுப்பைக் கீரை மூன்று மேசைக்கரண்டி ஆகியவற்றை ஒன்றாக அடித்துக்கொள்ள வேண்டும். இதில் மூன்றில் ஒரு பங்கைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, மீதியைப் பாஸ்தாவோடு கலந்து, சிறு துண்டுகளாக நறுக்கிய ஊறுகாய் வெள்ளரி இரண்டு கோப்பை, 200 கிராம் செட்டார் பாலாடைக்கட்டி, பாதி வெங்காயம் சேர்க்க வேண்டும். இரவெல்லாம் குளிர்ந்து கிடந்தால் பாஸ்தா கலவையை உறிஞ்சிக்கொள்ளும். பரிமாறும் முன் எடுத்து வைத்த பங்கைச் சேர்த்தால் மீண்டும் பளபளக்கும். உப்பை ருசி பார்த்துவிட்டுப் போடுங்கள், பெரும்பாலும் தேவைப்படாது.

அவ்வாண்டு ஜூலை 4 வெள்ளிக்கிழமை. எங்கள் பள்ளிவாசல் நாட்காட்டியில் முஹர்ரம் 9. உம்மா நோன்பு நோற்றிருந்தார். ஜும்ஆ முடிந்து வந்து, விருந்துப் பந்தலில் அம்மையாரின் பக்கத்து நாற்காலியில் அமர்ந்துகொண்டார். இருவருக்கும் பொதுமொழி ஏதுமில்லை. அவர் தட்டை நீட்டினார், உம்மா மறுத்தார். அம்மையாரின் முகம் வாடியதைக் கண்டு நான் ஓடிப்போய் நோன்பைப் பற்றிச் சொன்னேன். "தண்ணீருமா இல்லை?" என்று கேட்டவர், நோன்பு துறக்கும் நேரத்தை விசாரித்து வைத்துக்கொண்டார். இங்கே ஜூலையில் மஃரிப் ஒன்பது மணியைத் தாண்டித்தான் வரும். பாஸ்தா எட்டு மணிக்கு முன்பே தீர்ந்திருக்கும். ஆனால் அவர் பரிமாறத் தொடங்கும்போதே ஒரு சிறு கிண்ணத்தில் எடுத்துத் தம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டிருக்கிறார். பேரீத்தம்பழத்தாலும் தண்ணீராலும் உம்மா நோன்பு துறந்து, தொழுது முடித்த வேளையில், அந்தக் கிண்ணத்தைத் துணியால் மூடி, வலிக்கும் இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு தெருவைக் கடந்து வந்தார்.

உம்மா பிஸ்மில்லாஹ் சொல்லி உண்டார். "பச்சமிளகா ரெண்டு போட்டிருந்தா இன்னும் நல்லாயிருக்கும்" என்றார். மொழிபெயர்த்துச் சொன்னேன். அடுத்த ஆண்டு போடுவோம் என்றார் அம்மையார்.

கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பித் தரும் வழக்கம் நம்மிடம் இல்லை. ஆஷூரா நோன்பும் கழிந்த மறுநாள், உம்மா அதில் வட்டலப்பம் வைத்து எதிர்வீட்டுக்குக் கொண்டுபோனார். கூடவே தேங்காய்ப்பால் டின்னையும் கருப்பட்டிப் பொட்டலத்தின் உறையையும் கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டார்.