மூக்கைப் பார்த்தால் தெரியும்

டெல்லியில் எங்கள் கீழ்வீட்டு சர்தார்ஜியின் கறுப்பு லாப்ரடார் ஏழு குட்டி போட்டது. நாலு கறுப்பு, மூணு மஞ்சள். லட்டு கிடைக்கும் என்று நம்பிப் போனால், மனுஷர் உர்ரென்று உட்கார்ந்திருக்கிறார். இணை சேர்த்த ஆண் நாயும் அட்டைக் கறுப்பு. அப்புறம் மஞ்சள் எங்கிருந்து வந்தது? ஏதோ தெருநாய் சுவர் ஏறிக் குதித்துவிட்டது என்று முடிவே கட்டிவிட்டார். ஆண் நாய்க்காரரோடு போனில் சண்டை வேறு.

"அங்கிள், ரெண்டும் கறுப்பா இருந்தாலும் மஞ்சள் பிறக்கும்" என்றேன். நம்பவில்லை. உட்கார்ந்து வகுப்பெடுக்க வேண்டியதாகிவிட்டது.

லாப்ரடாருக்கு அங்கீகரிக்கப்பட்ட நிறம் மூன்று: கறுப்பு, மஞ்சள், சாக்லேட். இதில் முக்கியமாக விளையாடுவது இரண்டு ஜீன்கள். ஒன்று, நிறமி கறுப்பா பழுப்பா என்று தீர்மானிக்கும். இன்னொன்று சுவிட்ச் மாதிரி. அந்த நிறமி ரோமத்தில் ஏறலாமா கூடாதா என்று சொல்லும். சுவிட்ச் அணைந்திருந்தால், கறுப்பு உள்ளே இருந்தாலும் ரோமம் மஞ்சள்தான். மஞ்சள் லாபின் மூக்கைப் பாருங்கள், பெரும்பாலும் கறுப்பாக இருக்கும். குட்டு அங்கே வெளிப்பட்டுவிடும்! அம்மா, அப்பா இரண்டும் அந்த அணைந்த ஜீனை ஆளுக்கொன்று ஒளித்து வைத்திருந்தால், ஒவ்வொரு குட்டியும் மஞ்சளாகப் பிறக்க நாலில் ஒரு வாய்ப்பு. பதிவான முதல் மஞ்சள் லாப் என்று சொல்லப்படும் 'பென் ஆஃப் ஹைட்', 1899இல் இங்கிலாந்தில் பிறந்ததும் இரண்டு கறுப்பு நாய்களுக்குத்தான்.

சர்தார்ஜி சமாதானமானார். லட்டும் வந்தது.

எனக்குத்தான் பழைய ஞாபகம் கிளம்பிவிட்டது. நானும் மனைவியும் மாநிறம். மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் என் அம்மா கேட்ட முதல் கேள்வி, "யாரு நிறம்டா இது?" உங்க மாமியார் நிறம் என்று சொன்னால் வம்பு வரும் என்று சும்மா இருந்துவிட்டேன். மனிதத் தோலுக்கு ஜீன்கள் நிறைய, நாய்க்கணக்கு மாதிரி சுலபமில்லை. ஆனால் கேள்வி மட்டும் ஒன்றேதான்.

மஞ்சள் குட்டிகள் மூன்றும் பத்தே நாளில் போய்விட்டன. வந்தவர்களெல்லாம் "கோல்டன் இருக்கா?" என்றார்கள். கறுப்பில் மூன்றை விலை குறைத்துத் தள்ளினார். கடைசியாக ஒருவன் மிஞ்சினான்.

"கறுப்பா இருக்கறதால யாரும் கூட்டிட்டுப் போகலையாப்பா?" என்றாள் மகள். எட்டு வயது. பதில் சொல்லத் தெரியவில்லை. அன்று சாயங்காலமே அவனை மாடிக்குத் தூக்கி வந்துவிட்டோம். கருப்பட்டி என்று பெயர் வைத்தது அவள்தான்.

இப்போது வேறு கூத்து. சனிக்கிழமை கறுப்பு நாய்க்கு ரொட்டி போட்டால் சனி தோஷம் விலகும் என்று இந்தப் பக்கம் ஒரு நம்பிக்கை. வாங்க ஆளில்லாத நிறத்துக்கு வாரம் ஒருநாள் வாசலில் பக்தர் கூட்டம்! இவனும் யாரையும் ஏமாற்றுவதில்லை. லாப்ரடார்களில் சுமார் கால்வாசிக்கு, வயிறு நிறைந்ததை மூளைக்குச் சொல்லும் ஜீனில் ஒரு துண்டு இல்லை என்று கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள் 2016இல் கண்டுபிடித்தார்கள். எங்கள் ஆளும் அந்தக் கால்வாசிதான் என்பது என் சந்தேகம். இரட்டை அடுக்கு ரோமம் வேறு. என் வெள்ளைச் சட்டை எதுவும் இப்போது வெள்ளை இல்லை.

போன வாரம் ஊரிலிருந்து அம்மா போன் செய்தாள். "நாய் வாங்கிருக்கியாமே, என்ன நிறம்?"

நான் வாயைத் திறப்பதற்குள் மகள் போனைப் பிடுங்கிக்கொண்டாள். "கறுப்பு அப்பத்தா. என்னை மாதிரி!"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் மெதுவாகக் கேட்டாள்.

"சாப்பிட்டானா?"