ஓடும் கணினிக்கு ஒரு கெடு

அக்டோபர் 12, 2025, ஞாயிறு

விண்டோஸ் 10-க்கான ஆதரவை நாளை மறுநாளோடு மைக்ரோசாஃப்ட் நிறுத்துகிறது. 2015 ஜூலையில் வந்த இயங்குதளம் இது. ஒரு மென்பொருளுக்குப் பத்தாண்டு குறைந்த ஆயுள் என்று யாரும் சொல்ல முடியாது. எனவே கெடு வைத்ததையே நான் குறை சொல்லவில்லை. சிக்கல் அடுத்த படியில் இருக்கிறது. விண்டோஸ் 11-ஐ ஏற்ற வேண்டுமானால் கணினியில் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் செயலி என்றால் ஏறத்தாழ எட்டாம் தலைமுறையாவது வேண்டும். அந்தத் தலைமுறை சந்தைக்கு வந்ததே 2017-இல்தான். அதற்கு முன் விற்ற கணினிகள் அநேகமாக எல்லாமே இந்தக் கோட்டுக்கு வெளியே நிற்கின்றன. ஒரு சிற்றூர் டிடிபி கடையையோ, டேலியில் கணக்கு எழுதும் ஆடிட்டர் அலுவலகத்தையோ நினைத்துப் பார்க்கலாம். திரை தெளிவாக இருக்கிறது, விசைப்பலகை உழைக்கிறது, பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி எஸ்எஸ்டி போட்ட பிறகு வேகமும் போதுமானதாக இருக்கிறது. அந்தக் கணினியில் எதுவும் பழுதாகவில்லை. ஆனாலும் அதன் காலம் முடிந்தது என்று விற்றவர் சொல்லிவிடுகிறார்.

காசு கொடுத்து வாங்கிய ஒரு பொருள் எத்தனை நாள் உழைக்கும் என்பதை அதன் தேய்மானம் முடிவு செய்யலாம். வாங்கியவரின் தேவை முடிவு செய்யலாம். விற்றுப் பணத்தைப் பெற்றுக்கொண்டு போனவர் முடிவு செய்வது முறையாகாது. செய்தித்தாள்கள் இதைத் தொழில்நுட்பப் பக்கத்தில் போடுகின்றன. எனக்கு இது முழுக்க அரசியல் கேள்வியாகவே படுகிறது: பொருள் யாருடையது, அதன் மேல் அதிகாரம் யாருக்கு?

அக்டோபர் 14, செவ்வாய்

கெடு நாள். இதற்குச் சொல்லப்படும் முதல் நியாயம் பாதுகாப்பு. அதை லேசாக ஒதுக்கிவிட முடியாது. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற தீநிரல் உலகெங்கும் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் சிகிச்சைகள் தள்ளிப்போயின. திருத்தம் போடாத கணினிகள்தாம் அதில் மாட்டின. டிபிஎம்மும் வெறும் சாக்கு என்று சொல்லிவிட முடியாது. வட்டைப் பூட்டும் சாவியை வன்பொருளுக்குள்ளேயே பத்திரமாக வைப்பது நல்ல ஏற்பாடு.

ஆனால் இந்த நியாயத்தைக் கடைசிவரை பின்தொடர்ந்தால் அது எதிர்த் திசையில் கொண்டு போய் விடுகிறது. விண்டோஸ் 10-க்கான பாதுகாப்புத் திருத்தங்களை எழுதுவதை அந்த நிறுவனம் இன்றோடு நிறுத்தவில்லை. பணம் கட்டும் நிறுவனங்களுக்கு 2028 அக்டோபர் வரை அவை கிடைக்கும். முதல் ஆண்டுக்கு ஒரு கணினிக்கு 61 டாலர், பிறகு ஒவ்வோர் ஆண்டும் அது இரட்டிப்பாகும். வீட்டுப் பயனருக்கு ஓராண்டு நீட்டிப்பு உண்டு. அதற்கு 30 டாலர் கட்டலாம், அல்லது தன் கணினியின் அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்து மேகக் கிடங்கில் சேமிக்கச் சம்மதிக்கலாம். ஆக, மருந்து தயாராகிக்கொண்டுதான் இருக்கிறது. யாருக்குக் கொடுப்பது, எதை வாங்கிக்கொண்டு கொடுப்பது என்பதுதான் முடிவு செய்யப்பட்டிருக்கிறது. பாதுகாப்புதான் உண்மையான கவலை என்றால், இருக்கிற திருத்தத்தை எல்லாருக்கும் திறந்துவிடுவதே அதற்கு ஏற்ற செயல். வான்னாக்ரை சமயத்தில் அந்த நிறுவனமே அப்படிச் செய்தும் காட்டியது. 2014-இல் ஆதரவு முடிந்துபோன விண்டோஸ் எக்ஸ்பிக்குக்கூட அப்போது திருத்தம் வெளியிட்டார்கள்.

ஐரோப்பியப் பொருளாதார மண்டலத்தில் வசிக்கும் வீட்டுப் பயனருக்கு இந்த ஓராண்டு நீட்டிப்பு இலவசம். அமைப்புகளை மேகத்தில் சேமிக்கும் நிபந்தனையையும் அங்கே தளர்த்திவிட்டார்கள். நுகர்வோர் அமைப்புகள் அங்குள்ள சட்டத்தைக் காட்டிக் கேட்டன. சென்ற மாதம் நிறுவனம் இறங்கி வந்தது. அதே மென்பொருள், அதே திருத்தம். பாரிசில் இருப்பவருக்கு ஒரு விதி, பரமக்குடியில் இருப்பவருக்கு வேறு விதி. இந்த வேறுபாட்டுக்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் இல்லை.

அக்டோபர் 16, வியாழன்

கணினியில் மென்பொருள் வழியாக நடப்பது கைபேசியில் பசை வழியாகவும் நடக்கிறது. சென்னை ரிச்சி தெருவில் கைபேசி பழுது பார்க்கும் மேசைகளில் தினமும் நடக்கிற வேலை இது. பேட்டரி மாற்ற வேண்டிய கைபேசியைச் சூடேற்றும் தட்டின் மேல் வைக்கிறார்கள். பின்பக்கக் கண்ணாடியின் பசை இளகியதும் மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை ஓரத்தில் செருகி, கண்ணாடி விரிசல் விடாதபடி சுற்றிலும் நகர்த்துகிறார்கள். உள்ளே பேட்டரியும் ஒட்டப்பட்டிருக்கிறது. அதை அதிகமாக நெம்பினால் வளையும், வளைந்தால் தீப்பிடிக்கக்கூடும். அதனால் பசையைக் கரைக்கும் திரவத்தைச் சொட்டுவிட்டுக் காத்திருக்கிறார்கள். எந்தப் பாடப்புத்தகமும் இந்த நிதானத்தைக் கற்றுத் தந்ததில்லை. நிறுவனங்களும் தங்கள் கையேட்டை இவர்களுக்குக் கொடுப்பதில்லை. இத்தனைக்கும் பேட்டரி என்பது தேயும் என்று முன்கூட்டியே தெரிந்த பாகம். தேயும் பாகத்தைத் திறக்க முடியாத இடத்தில் வைத்து ஒட்டுவது வடிவமைப்பில் எடுத்த ஒரு முடிவு.

ஆபத்தான லித்தியம் பேட்டரியைக் கண்டவர் கையில் கொடுக்கக் கூடாது என்பது இதற்குச் சொல்லும் பதில். இந்தப் பதிலுக்கு எதிராக வரலாற்றில் இரண்டு சாட்சிகள் உண்டு. 2007 ஆகஸ்டில், மட்சுஷிதா தயாரித்த பிஎல்-5சி பேட்டரிகளில் 4.6 கோடி, மின்னேற்றும்போது சூடாகலாம் என்று நோக்கியா எச்சரித்தது. இந்தியாவிலும் பரபரப்பு கிளம்பியது. தீர்வு எளிதாக இருந்தது: பின்மூடியை நகத்தால் நெம்பித் திறந்து, பேட்டரியின் எண்ணைப் பார்த்து, குறையுள்ளது என்றால் இலவசமாக வேறொன்றை வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். கைபேசி கையிலேயே இருந்தது. 2016-இல் சாம்சங் கேலக்ஸி நோட் 7 தீப்பிடித்தபோது பேட்டரி உள்ளே சிறைப்பட்டிருந்தது. முதல் சுற்றிலேயே 25 லட்சம் கைபேசிகளை முழுதாகத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. மாற்றிக் கொடுத்தவையும் எரிந்ததால் அந்த மாடலையே கைவிட்டார்கள். இரண்டு நிகழ்விலும் குறை தொழிற்சாலையிலிருந்து வந்த பேட்டரியில் இருந்தது, தெருவோர மெக்கானிக்கிடம் இல்லை. கழற்ற முடிந்த இடத்தில் ஆபத்தும் சுலபமாகக் கழன்றது.

தண்ணீர் புகாமல் இருக்கத்தான் ஒட்டுகிறோம் என்றும் சொல்வார்கள். 2014-இல் வந்த கேலக்ஸி எஸ்5, கையால் கழற்றும் பின்மூடியோடு ஐபி67 தரச் சான்றும் பெற்றிருந்தது. கைபேசி கொஞ்சம் தடிமனாகும் என்ற வாதத்தை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். ஒரு மில்லிமீட்டர் தடிமனா, இரண்டு ஆண்டு கூடுதல் ஆயுளா என்று கேட்டால், பெரும்பாலான குடும்பங்கள் எதைத் தேர்ந்தெடுக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அவர்களிடம் யாரும் கேட்டதில்லை.

பசையைவிடப் பெரிய பூட்டு இன்னொன்று இருக்கிறது. 2021-இல் ஐபோன் 13 வந்தபோது, இன்னொரு ஐபோன் 13-இலிருந்து எடுத்த அசல் திரையையே பொருத்தினாலும் முகம் பார்த்துத் திறக்கும் வசதி வேலை செய்யவில்லை. பாகத்தின் எண்ணும் போர்டின் எண்ணும் நிறுவனத்தின் மென்பொருள் வழியாக இணைக்கப்பட்டிருந்தன. எதிர்ப்பு வலுத்ததும் ஆப்பிள் அதைச் சரிசெய்வதாகச் சொன்னது. டூப்ளிகேட் பாகங்களைத் தடுக்கவே இந்த ஏற்பாடு என்பது வழக்கமான வாதம். அசல் பாகம் நியாயமான விலைக்கு வெளியே கிடைக்காத இடத்தில்தான் டூப்ளிகேட் விற்கிறது. அசலையே ஏற்க மறுக்கும் பூட்டு, டூப்ளிகேட்டைத் தடுக்கும் பூட்டு ஆகாது. 2024-இல் அமெரிக்காவின் ஓரகன் மாநிலம் இப்படிப் பாகங்களைப் பிணைப்பதற்குச் சட்டம் போட்டுத் தடை விதித்தது.

அக்டோபர் 18, சனி

தீபாவளித் தள்ளுபடி விற்பனை உச்சத்தில் இருக்கிறது. யூடியூபில் பெட்டி பிரிக்கும் காணொளிகளுக்குக் குறைவில்லை. கேமரா, திரையின் பிரகாசம், விளையாட்டில் வேகம் எல்லாவற்றையும் நுணுக்கமாக ஒப்பிடுகிறார்கள், உழைத்துத்தான் செய்கிறார்கள். ஆனால் கருவி வெளிவந்த வாரத்திலேயே எல்லா மதிப்புரையும் முடிந்துவிடுகிறது. நான்காம் ஆண்டில் அதன் பேட்டரி என்ன விலை, திரை கிடைக்கிறதா என்று பார்ப்பவர் மிகச் சிலர். பிரான்சில் 2021-இல் கைபேசி, மடிக்கணினி போன்றவற்றின் விலைச்சீட்டுக்குப் பக்கத்தில், பழுது பார்க்க எவ்வளவு எளிது என்பதற்குப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவதைக் கட்டாயமாக்கினார்கள். அந்த ஒரு எண் இங்கே கட்டாயமானால் மதிப்புரை செய்பவர்களும் அதைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது.

அக்டோபர் 19, ஞாயிறு

சட்டத்தால் ஆகுமா என்று கேட்பவர்களுக்கு இந்த ஆண்டே பதில் இருக்கிறது. ஜூன் 20 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிதாக விற்பனைக்கு வரும் கைபேசிக்கு விதிகள் வந்துவிட்டன. 800 முறை மின்னேற்றிய பிறகும் பேட்டரி 80 சதவீதக் கொள்ளளவோடு இருக்க வேண்டும். அந்த மாடலின் விற்பனை நின்று ஏழாண்டு வரை முக்கிய உதிரிபாகங்கள் கிடைக்க வேண்டும். மென்பொருள் மேம்பாடு ஐந்தாண்டு தொடர வேண்டும். இதனால் எந்தப் பெரிய நிறுவனமும் ஐரோப்பாவை விட்டு ஓடவில்லை.

நம் நாட்டில் இந்த எண்ணமே புதிது என்றும் சொல்ல முடியாது. 2014-இல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வெளியே இருக்கும் மெக்கானிக்குகளுக்கு உதிரிபாகமும் பழுது பார்க்கும் தகவலும் கிடைக்காமல் செய்தது அவர்கள் மீதான குற்றம். காருக்கு ஏற்றுக்கொண்ட நியாயம் கைபேசிக்கு ஏன் பொருந்தாது? 2022 ஜூலையில் நுகர்வோர் நலத் துறை இதற்காக ஒரு குழு அமைத்தது. அந்த ஆண்டு டிசம்பர் 24-இல் இணையதளம் திறந்தது. நிறுவனங்கள் விரும்பினால் அங்கே பழுது பார்ப்பதற்கான விவரம் போடலாம். விரும்பாவிட்டால் தண்டனை எதுவும் இல்லை. மூன்று ஆண்டு ஆகப்போகிறது. கட்டாயப்படுத்தும் சட்டம் இன்னும் வரவில்லை.

எனக்குக் கனமாகப் படும் எதிர்வாதம் வேலைவாய்ப்பு. மின்னணு ஏற்றுமதியில் தமிழ்நாடு நாட்டிலேயே முதலிடத்தில் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளில் ஆயிரக்கணக்கான பெண்கள் கைபேசி கோத்துச் சம்பளம் வாங்கிக் குடும்பம் நடத்துகிறார்கள். மக்கள் பழைய கைபேசியையே வைத்துக்கொண்டால் இவர்கள் கதி என்ன? இந்தக் கேள்வியைக் கேட்பவரை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த ஆலைகளிலிருந்து போகும் கைபேசிகளில் பெரும்பகுதி வெளிநாட்டுக்குப் போகிறது, ஐரோப்பாவுக்கும் போகிறது. நீண்டநாள் உழைக்கும் கைபேசியைச் செய்யும்படி அந்தச் சந்தை கேட்டுவிட்டது. அதை நம் தொழிலாளர்கள்தாம் செய்து அனுப்புகிறார்கள். அங்கே வாங்குபவருக்கு உதிரிபாகம் சட்டப்படி உறுதி. ஆலையிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில், சென்னையில் வாங்குபவருக்கு அந்த உறுதி இல்லை. ஸ்ரீபெரும்புதூரிலேயே 2006-இல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டதற்கும் மக்கள் பழைய கைபேசியைப் பழுது பார்த்ததற்கும் சம்பந்தமில்லை. வரி வழக்கும் நிறுவனம் கைமாறியதும் அதற்குப் பின்னால் இருந்தன. பழுது பார்ப்பதும் வேலைதான். அந்த வேலையை இங்கிருந்து பெயர்த்துக்கொண்டு போக முடியாது, ஒவ்வோர் ஊரின் கடைத்தெருவிலும் அது இருக்கிறது.

பழுது பார்க்காமல் தூக்கி எறிவதற்கும் ஒரு விலை உண்டு. 2022-இல் உலகம் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவை உண்டாக்கியது என்கிறது ஐ.நா. அமைப்புகளின் கணக்கு. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்தது 22.3 சதவீதம்தான். மீதியில் ஒரு பகுதியை எரித்தும் அமிலத்தில் முக்கியும் செம்பும் தங்கமும் பிரிப்பவர்கள் ஏழை நாடுகளின் புறநகர்களில் இருக்கிறார்கள். கெடு வைப்பவர்களின் கணக்கில் இவர்களின் நுரையீரல் வருவதே இல்லை.

அக்டோபர் 21, செவ்வாய்

மத்தியச் சட்டம் வரும்வரை மாநிலம் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. 2011-இல் தொடங்கிய திட்டத்தில் ஐம்பது லட்சத்துக்கு மேற்பட்ட மடிக்கணினிகளைத் தமிழ்நாடு மாணவர்களுக்குக் கொடுத்தது. இந்த ஆண்டு பட்ஜெட்டில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது டேப்லெட் தருவதாக அறிவித்திருக்கிறது. இவ்வளவு பெரிய கொள்முதல்காரருக்கு எந்த நிறுவனமும் முகம் கொடுத்துப் பேசும். விலையைக் குறைக்க மட்டும் அந்த வலிமையைப் பயன்படுத்தினால் போதாது. பேட்டரியை சாதாரணத் திருகுகளைக் கழற்றி மாற்ற முடிய வேண்டும். பழுது பார்க்கும் கையேட்டைத் தமிழில் எல்லாருக்கும் வெளியிட வேண்டும். உதிரிபாகம் ஏழாண்டு கிடைக்க வேண்டும், அதன் விலையை இப்போதே அறிவிக்க வேண்டும். இவற்றை அரசு ஒப்பந்த நிபந்தனையாக எழுத எந்தப் புதுச் சட்டமும் தேவையில்லை. ஐடிஐகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் அந்தக் கையேட்டையே பாடமாக வைக்கலாம். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்திருக்கும் ஒரு மாணவிக்குப் படிப்பு முடிந்து வேலை தேடும் ஆண்டில்தான் அந்தக் கணினி அதிகம் தேவைப்படும். பேட்டரி ஓய்ந்துபோவதும் அந்த ஆண்டில்தான். உயர்கல்வித் துறையும் மாநில அரசின் மின்னணு நிறுவனமான எல்காட்டும் இந்த நிபந்தனைகளை ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டும். சேர்த்தார்களா என்று சட்டமன்றத்தில் கேட்கும்படி உங்கள் தொகுதி உறுப்பினருக்கு எழுதுங்கள்.