கால் அங்குலம்

அரபும் தமிழும் பயிற்றுவிக்கும் மௌலவிக்குத் துப்பாக்கியைப் பற்றி என்ன பேச்சு என்று அன்பர்கள் வினவக்கூடும். ஒரு சொல்லாராய்ச்சியே என்னை அதன்பால் ஈர்த்தது.

இங்கிலாந்தில் பழைய இரட்டைக்குழல் வேட்டைத் துப்பாக்கிகள் பாட்டனிடமிருந்து பேரனுக்கு வருவன. வேட்டைக்காலம் முடிந்ததும் அவற்றைச் செய்த தொழிற்கூடத்திற்கே அனுப்புவது மரபு. அங்கே பூட்டுகளைக் கழற்றிப் பழைய எண்ணெயை அகற்றுவர். தளர்ந்த மூட்டை இறுக்குவர். குழற்சுவரின் கனத்தை அளப்பர்.

அப்போது சிலர், தோட்டா அறையையும் நீட்டித் தருமாறு வேண்டுவதுண்டு. பன்னிரண்டு போர் துப்பாக்கிகளுள் பழையன பலவற்றின் அறை 2½ அங்குலம். இன்று பரவலாகக் கிடைக்கும் தோட்டாவோ 2¾ அங்குலம். வேறுபாடு கால் அங்குலமே.

ஆனால் அந்தக் கால் அங்குலம் கண்ணுக்குத் தெரிவதில்லை. தோட்டாவின்மேல் குறித்துள்ள நீளம், சுட்டபின் அதன் வாய் விரிந்த நிலைக்குரியது. சுடுமுன் வாய் மடிந்திருப்பதால், நீண்ட தோட்டா குறுகிய அறையில் தடையின்றி நுழைந்துவிடும். வெடிக்கும் கணத்தில் மடிப்பு விரிந்து, அறைக்கு முன்னுள்ள குறுகும் பகுதியில் புகுந்து வழியை நெருக்கும். அழுத்தம் ஏறும். நுழைந்தது ஆதலின் பொருந்தியது என்று நம்பியவரின் கைக்கும் முகத்திற்கும் அருகிலன்றோ அக்குழல் இருக்கிறது!

அறையை நீட்டினால் அந்நெருக்கம் நீங்கும். எனினும் நீட்டுதல் இரும்பைச் சேர்ப்பதன்று, குடைந்தெடுப்பது. அழுத்தம் மிகும் இடத்திலேயே சுவர் மெலிகிறது. அன்றியும், இன்றைய தோட்டாக்களுள் பல, பழைய குழல் சோதிக்கப்பட்ட அளவினும் மிக்க அழுத்தம் தருவன.

இலண்டனில் துப்பாக்கி செய்வோர் சங்கம் 1637-இல் அரச பட்டயம் பெற்றது. பர்மிங்ஹாமின் சோதனைச் சாலை 1813-இல் சட்டத்தால் நிறுவப்பட்டது. குழலில் மிகைமருந்து வெடித்துப் பார்த்து, தாங்கியதற்கு முத்திரையிடுவது இவ்விரு நகரச் சாலைகளின் பணி. அறையை நீட்டிய துப்பாக்கிக்குப் பழைய முத்திரை செல்லாது; மீண்டும் சோதனைக்கு வைத்தல் வேண்டும். அவ்வாறு தேறாததை விற்பது அந்நாட்டில் குற்றம்.

‘ஃபித்னா’ என்னும் சொல்லைக் குழப்பம் என்றே நாம் வழங்குகிறோம். பொன்னை நெருப்பிலிட்டு மாற்றறிதல் என்னும் பொருளை அதன் வேருக்கு அரபு அகராதியாளர் கூறுவர். முத்திரைச் சாலையைப் பற்றிப் படித்தபோது அப்பொருளே என் நினைவுக்கு வந்தது. ஆயின் பொன் உருகினும் பொன்னே. சோதனையில் வீங்கிய குழலோ பாட்டன் தந்த குழலாக மீளாது.

2½ அங்குலத் தோட்டாக்கள் இங்கிலாந்தில் இன்றும் செய்யப்படுகின்றன. பழம்பொருளைக் காக்க விழைவோர் அறையை அளப்பித்து, முத்திரையைப் படித்து, அதற்குரிய தோட்டாவைத் தேடுவதே நன்று.