புது சைக்கிளா, பழைய பிரேமா?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடியற்காலையில் பறக்கும் ரோடு பைக்குகள் வெயில் ஏறியதும் எங்கே போகின்றன என்று பார்க்க, திருவான்மியூர்ப் பக்கம் ஒரு சந்துப் பட்டறைக்குப் போயிருந்தேன். ஹெர்குலஸ், பி.எஸ்.ஏ. வண்டிகளை ஓவராயில் செய்து தொழில் கற்றவர் அங்குள்ள மெக்கானிக். 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரிலிருந்து தெருத்தெருவாக அனுப்பிய வண்டிகள் அவை. இப்போது அவர் கையில் ஷிமானோ கியர்கள்.

ஐ.டி. வேலையில் இருக்கும் இளைஞர் ஒருவர் 8 கியர் அலுமினிய பைக்கோடு வந்தார். "கியர் குதிக்குதுண்ணே. 11 கியர் ஷிமானோ 105 செட் போட்டுடலாமா? புதுசு வாங்குறதுக்கு இது மேல்தானே?"

பதில் சொல்லாமல் செயின்மேல் ஸ்டீல் ஸ்கேலை வைத்தார் மெக்கானிக். ஒரு ரிவிட்டில் சுழியத்தை வைத்தால், அதிலிருந்து 24-ஆவது ரிவிட் சரியாக 12 அங்குலத்தில் நிற்க வேண்டும். 1/16 அங்குலம் தாண்டினால் செயினை மாற்ற வேண்டும். 1/8 தாண்டினால் அதோடு ஓடிய பின்பக்கப் பற்களும், அதாவது கேசட்டும், தேய்ந்திருக்கும். இளைஞருடைய செயின் 1/8-ஐத் தொட்டிருந்தது. கியர் குதித்தது தேய்மானத்தால்.

பிறகு கணக்குச் சொன்னார். ஷிஃப்டரை மாற்றினால் செயினை நகர்த்தும் டீரெய்லரையும் மாற்ற வேண்டும், கேபிள் இழுக்கும் அளவு வேறு. 11 கியர் கேசட் உட்கார, பழைய ஹப்பில் 1.85 மி.மீ. இடம் குறைகிறது. ஆகவே பின்சக்கரமே மாறும். டிஸ்க் பிரேக் கேட்டால், அதைப் பொருத்தும் இடம் பிரேமிலும் ஃபோர்க்கிலும் பிறக்கும்போதே இருந்திருக்க வேண்டும். "இத்தனையும் மாத்தினா பிரேம் ஒண்ணுதான் தம்பி பழசு. அந்தக் காசுக்குப் புதுசே வந்துடும். ஆனா உங்களுக்குப் புதுசும் வேணாம். பிரேம் சுத்தமா இருக்கு, உங்க ஒடம்புக்கும் பொருந்துது."

8 கியர் செயின், கேசட், கேபிள், பிரேக் கட்டை, 23 மி.மீ. டயருக்குப் பதில் 25. அவ்வளவுதான் சீட்டில் எழுதினார். நம் சாலைகளில் கூடுதல் 3 கியரைவிட அந்த 2 மி.மீ. அகலம்தான் கைக்கும் முதுகுக்கும் சுகம் என்று நானும் உறுதியாக நம்புகிறேன்.

பின் ஹப்பைப் பிரித்தது உதவிக்கு இருந்த பையன். குண்டுகள் உருளும் கோனை மண்ணெண்ணெயில் கழுவி, வெளிச்சத்தில் திருப்பி நகத்தால் வருடினான். நகம் எங்காவது தட்டினால் கோன் போச்சு. பக்கத்துக்கு 9 என்று கால் அங்குலக் குண்டுகளைப் புது கிரீஸில் பதித்தான். பூட்டும்போது இம்மியளவு ஆட்டம் விட்டான். ஏன் என்று கேட்டேன். "குயிக் ரிலீஸை இறுக்கினா அச்சு கொஞ்சம் அமுங்கும் சார். இங்கேயே ஆட்டமில்லாம பூட்டினா, வண்டியில மாட்டினதும் கோன் நெரியும்." மாட்டி இறுக்கிக் காட்டினான். ஆட்டம் காணாமல் போயிருந்தது.

இந்த வேலையின் கூலியில்தான் பேரம் பேசுகிறார்கள். பெட்டியில் வரும் சாமானுக்கு அச்சடித்த விலையைத் தருபவர்கள், சக்கரத்தைப் பெண்ட் எடுத்துக் கம்பி கம்பியாகத் தட்டி இறுக்கம் பார்க்கும் கைக்குக் குறைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். பார்த்துக்கொண்டிருந்த எனக்கு மனம் பொறுக்கவில்லை.

மாலையில் வந்த பெரியவருக்குச் சொன்னது நேர்மாறு. யாரிடமோ வாங்கிய வண்டி, நல்ல கியர், நல்ல சக்கரம். ஆனால் உள்ளங்கை மரத்துப்போகிறது, தோள் வலிக்கிறது. சுவரோரம் ஏற்றி உட்காரவைத்துப் பக்கவாட்டில் நின்று பார்த்தார் மெக்கானிக். ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம்மை ஏற்கெனவே குட்டையாக்கியிருந்தும் முழங்கை மடங்காமல் விறைத்து நின்றது. பிரேம் அவருக்கு ஓர் அளவு பெரியது.

"இதுல ஒரு ரூபாகூடப் போடாதீங்க சார். சின்ன அளவுல புதுசு பாருங்க. சீட்டு, பெடல் ரெண்டையும் கழட்டி அதுல மாட்டிக்கலாம். பணம் கட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவை ஏறி உட்கார்ந்து பார்த்துடுங்க, நானும் கூட வர்றேன்."