கடைசி நாற்பது விநாடி

காமிரா யார் கையில் இருந்தது என்று கேட்டாலே பாதி வரலாறு வெளியே வந்துவிடும். 1923ல் 16 எம்.எம். வந்தது. 1932ல் 8 எம்.எம். வந்தது. 1965ல் கோடாக் கம்பெனி சூப்பர் 8 கொண்டுவந்தது. வீட்டில் இருக்கிறவர்கள் தாங்களே எடுத்துக்கொள்ளும் படம், அதனால் வீட்டுப் படம் என்று பெயர். யார் வீடு? நம் நாட்டில் அது வெள்ளைக்காரத் துரை வீடு, எஸ்டேட் மானேஜர் வீடு, ராஜா வீடு, அப்புறம் மிராசுதார் வீடு. எங்க அம்மாவுக்குக் கல்யாணப் போட்டோ கிடையாது. ஐம்பது வயசில் ஓட்டு அட்டைக்காக எடுத்ததுதான் அவளுடைய முதல் போட்டோ.

அதுக்காக அந்தப் படங்களில் நாம் இல்லை என்று சொல்ல முடியாது. இருக்கிறோம். மாட்டைப் பிடித்துக்கொண்டு இருக்கிறோம். துரை மகன் ஏறுகிற குதிரைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். நாற்று முடியைத் தலையில் வைத்துக்கொண்டு தூரத்தில் வரப்பில் போகிறோம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் தெற்காசிய ஆய்வு மையம் வெள்ளைக்காரக் குடும்பங்கள் இந்தியாவில் எடுத்த வீட்டுப் படங்களைச் சேர்த்து வைத்திருக்கிறது. பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் 1899 முதல் 1947 வரை இங்கே எடுத்த படங்களில் பலவற்றை 2017ல் இலவசமாகப் பார்க்கத் திறந்துவிட்டது. போய்ப் பாருங்கள். துரைக்குப் பேர் இருக்கும். நமக்கு 'வேலைக்காரர்கள்', 'கிராமத்தார்' என்று இருக்கும்.

என் பிழைப்பே பழைய ஃபிலிமை வீடியோவாக மாற்றுவதுதான். வேலூர் பக்கத்துச் சேரியில் பிறந்து, தொண்ணூறுகளில் கல்யாண வீடியோக்காரருக்கு லைட் பிடிக்கப் போய், அப்படியே எடிட்டிங் பழகி, இன்றைக்குச் சென்னையில் ஒரு சின்னக் கடையில் ஸ்கேனர் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். இந்த வேலையைப் பற்றி நம்மாட்களுக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது. காரணம், எதை வைத்துக்கொள்வது எதைத் தள்ளுவது என்ற தீர்ப்பு இந்த மேஜையில்தான் நடக்கிறது.

ரீல் வந்ததும் முதல் வேலை மோந்து பார்ப்பது. டப்பாவைத் திறந்ததும் ஊறுகாய்க் காடி மாதிரி புளிப்பு வாசனை குப்பென்று அடித்தால் ஃபிலிம் அழுகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அசிடேட் ஃபிலிம் வெக்கையிலும் ஈரத்திலும் கிடந்தால் அசிட்டிக் அமிலத்தைக் கக்கும். சுருங்கும், வளையும், உடையும். ஆரம்பித்தால் நிற்காது. பக்கத்து ரீலையும் கெடுக்கும். நம் ஊர் வெயிலுக்கு, பரண்மேல் தகரப்பெட்டியில் ஐம்பது வருஷம் கிடந்த ஃபிலிம் தப்பித்து வருவதே பெரிசு.

பிறகு கையுறை போட்டு ஓரங்களைத் தடவிப் பார்க்கணும். கிழிந்த துளைகளை ஒட்டணும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியில் துடைக்கணும். முன்னாலெல்லாம் சுவரில் படத்தை ஓட்டி, அதை வீடியோ காமிராவில் பிடிப்பார்கள். ஃபிலிம் ஓடுவது விநாடிக்கு 18 ஃப்ரேம், வீடியோ 25. அதனால் படம் மினுக் மினுக் என்று துடிக்கும், நடுவில் வெளிச்சம் வெளுக்கும். இப்போதைய ஸ்கேனரில் துளையில் மாட்டி இழுக்கும் பல் கிடையாது. உருளை மேல் ஃபிலிம் மெதுவாக நகரும். ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் எல்.இ.டி. விளக்கு ஒரு தடவை மின்னும், காமிரா ஒரு படம் பிடிக்கும். சூப்பர் 8ல் ஒரு ஃப்ரேம் ஏறக்குறைய 5.8 மில்லிமீட்டர் அகலம், 4 மில்லிமீட்டர் உயரம். சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. 50 அடி ரீலில் அப்படி 3600 ஃப்ரேம். மொத்தம் 3 நிமிஷம் 20 விநாடி.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருத்தர் பதினோரு ரீல் கொண்டுவந்தார். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. தஞ்சாவூர்ப் பக்கம் தாத்தா மிராசுதார். டப்பாக்களில் பென்சிலில் வருஷம் எழுதியிருந்தது. ஒன்றில் 'கல்யாணம் 1973'. 1968 டிசம்பர் 25 அன்று வெண்மணியில் 44 பேரை உயிரோடு எரித்த அதே தஞ்சை மாவட்டம். அந்த வழக்கில் தண்டனை பெற்ற மிராசுதார்களை உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது அதே 1973ல்தான். அந்த வருஷத்துக் கல்யாணம் கலர் கலராக என் மேஜைமேல் ஓடிற்று. கோடாக்ரோம் ஃபிலிம், சாயம் போகவே இல்லை. பட்டுப்புடவைச் சிவப்பு நேற்று எடுத்ததுபோல் இருந்தது.

வந்தவர் மூன்று காரியம் கேட்டார். எல்லா வாடிக்கையாளரும் கேட்பதுதான்.

"டிவி ஃபுல்லா வரணும் சார். ரெண்டு பக்கமும் கறுப்பா இருந்தா நல்லா இல்ல."

பழைய படம் நாலுக்கு மூன்று அளவு. இப்போதைய டிவி பதினாறுக்கு ஒன்பது. 1920க்கு 1080 திரையில் பழைய படம் 1440 அகலத்துக்குத்தான் நிற்கும். திரையை நிரப்பணும் என்றால் உயரத்தில் கால் பங்கை வெட்டணும். எங்கே வெட்டுவது? நிற்கிறவர்கள் தலை போகக் கூடாது, அதனால் கீழே வெட்டுவார்கள். அந்தப் படத்தில் திண்ணைமேல் குடும்பம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறது. கீழே வாசல் மண்ணில் எட்டுப்பேர் குந்தியிருக்கிறார்கள். இடுப்பில் வேட்டி, மேலே துணி இல்லை. கால் பங்கு வெட்டினால் எட்டுப்பேரும் காலி. மண்ணில் உட்கார வைத்தது ஒரு சாதி என்றால், மண்ணோடு சேர்த்து வெட்டுவது ஒரு மெஷின் பட்டன்.

"தூசி, கோடு எல்லாம் எடுத்துடுங்க."

இதற்கு சாஃப்ட்வேர் இருக்கிறது. முந்தின ஃப்ரேமில் இல்லாமல், அடுத்த ஃப்ரேமிலும் இல்லாமல், நடுவில் ஒன்றில் மட்டும் தெரிகிற சின்னப் பொருள் தூசி என்பது அதன் கணக்கு. தூசிக்கு அது சரி. வேகமாக அசைகிற மெல்லிய பொருளுக்கும் அதே கணக்குதான்.

"கடைசியில வேஸ்ட்டா ஓடுறதைக் கட் பண்ணிடுங்க."

அந்தக் கடைசிதான் விஷயம். கல்யாண ரீலின் முடிவில் சுமார் நாற்பது விநாடி, 720 ஃப்ரேம், வேறு வெளிச்சத்தில் எடுத்தது. மணமகன் இல்லை, மணமகள் இல்லை. தெருமுனையில் ஐந்துபேர் தப்பு அடித்து ஆடுகிறார்கள். அவ்வளவுதான். தூசி எடுக்கிற சாஃப்ட்வேரைப் போட்டுப் பார்த்தேன். இடது கைக் குச்சி, அந்தச் சிம்புக்குச்சி, பாதி ஃப்ரேம்களில் காணாமல் போயிற்று. தப்பு இருக்கிறது, கை இருக்கிறது, குச்சி இல்லை. மெஷினுக்கு அது அழுக்கு. நிறுத்திவிட்டேன்.

முகங்களும் தெரியவில்லை. காமிரா தானாக வெளிச்சம் அளக்கும். வெள்ளை வேட்டியை அளந்து, நிழலில் நின்ற கறுப்பு முகங்களை இருட்டில் தள்ளிவிட்டது. இதுவும் தற்செயல் இல்லை. போட்டோ லேப்களில் நிறம் சரிபார்க்க கோடாக் அனுப்பிய அட்டையில் பல பத்தாண்டுகள் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். யார் தோல் அளவுகோலோ அவர்கள்தான் தெளிவாக விழுவார்கள். அந்த 720 ஃப்ரேமையும் கூடுதல் வெளிச்சத்தில் இன்னொரு தடவை ஸ்கேன் செய்து ரெண்டையும் சேர்த்தேன். இருட்டுக்குள்ளிருந்து கன்னம் வந்தது, மீசை வந்தது, ஒருவர் நெற்றியில் தழும்பு வந்தது. செயற்கை அறிவில் முகத்தைத் துலக்குகிற வித்தையைத் தொடவே இல்லை. அது இல்லாத மூக்கையும் கண்ணையும் தானே வரைந்து வைக்கும். நமக்கு வேண்டியது நம் ஆளோட மூக்கு.

வந்தவரிடம் போட்டுக் காட்டி, "இவங்க யாருன்னு தெரியுமா சார்?" என்று கேட்டேன். தெரியவில்லை. ஊரில் இருந்த அத்தைக்குப் போன் போட்டு, படத்தையும் அனுப்பினார். அந்த அம்மா வேறொரு ரீலில் இருந்த காளையைப் பார்த்ததும் அதோட பேரைச் சொன்னார். யார் சந்தையில் வாங்கியது என்பதைக்கூடச் சொன்னார். அதைப் பிடித்திருந்த ஆள் பேர் தெரியவில்லை. தப்பு அடித்தவர்கள் பேரும் தெரியவில்லை.

"அந்த ஊர்ச் சேரிக்குப் போய்க் கேக்கட்டுமா?" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். கெட்ட மனுஷன் இல்லை. "வீட்டு ஆளுங்க வர்ற பகுதி வேணாம். அந்தக் கடைசிய மட்டும் காட்டுங்க" என்றார். வேஸ்ட் என்றதைக் கொடுப்பதில் அவருக்கு நஷ்டம் இல்லை. எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

போனேன். காலனியில் ஒரு வீட்டுத் திண்ணையில் லேப்டாப்பை வைத்தேன். சனம் கூடிவிட்டது. எண்பது வயசு தாண்டிய பெரியவர் ஒருவர் முன்னால் வந்து உட்கார்ந்தார். அவரும் ஒரு காலத்தில் தப்பு அடித்தவர். முதலில் விநாடிக்கு 25 ஃப்ரேமில் ஓடிற்று. பெரியவர் முகம் சுளித்தார்.

"என்னா தம்பி இது, கோமாளியாட்டம் குதிக்கிறானுவ. எந்த அடியும் இல்லியே இது."

18க்கு மாற்றினேன். சத்தம் கிடையாது, ஊமைப்படம். பெரியவர் கையையும் காலையும் பார்த்துக்கொண்டே இருந்தார். கொஞ்சத்தில் அவர் விரல் தொடையில் தட்ட ஆரம்பித்தது. படத்தில் கை இறங்கும்போதெல்லாம் இவர் விரலும் இறங்கியது.

"இது கல்யாணம் இல்ல தம்பி. சாவு. பாடை தூக்கறதுக்கு முன்ன அடிக்கிறது."

அப்போதுதான் விளங்கிற்று. மிராசுதார் வீட்டுக் கல்யாணத்துக்கு நாதஸ்வரம் இருக்கத் தப்புக்கு என்ன வேலை? கல்யாணத்தில் மிச்சமான ஃபிலிமை வேறொரு நாள் ஓட்டித் தீர்த்திருக்கிறார்கள். சென்னைக்காரருக்குப் போன் செய்தேன். அத்தையைக் கேட்டுச் சொன்னார்: கல்யாணம் ஆன மூன்றாம் மாதம் அந்த வீட்டுப் பெரியம்மா செத்துப்போனார். ஐம்பது வருஷம் அந்த வீட்டுக்காரர்களுக்கே தெரியாமல் அவர்கள் பரணில் கிடந்த சேதியைச் சேரிக்காரர் ஒருவர் விரலால் கண்டுபிடித்தார்.

ஐந்துபேரில் நாலுபேரை அடையாளம் சொன்னார்கள். ஒருவரை நின்ற தினுசை வைத்து, ஒருவரைத் தழும்பை வைத்து. அந்தத் தழும்பைப் பார்த்து ஒரு கிழவி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவள் அப்பன். அந்த மனுஷனுக்கு வேறு படம் எதுவும் கிடையாதாம். பேர்களை நான் இங்கே எழுதவில்லை. அவை அந்த வீடுகளுக்குச் சொந்தம். அவர்களுக்குக் கொடுத்த நகலில் எழுதியிருக்கிறேன்.

எல்லோருக்கும் சந்தோஷம் என்று சொன்னால் பொய். கறுப்புச் சட்டை போட்ட ஒரு தம்பி ஓரமாக நின்றிருந்தான். சட்டம் படிக்கிறவன்.

"அண்ணே, அடிமை வேலைன்னு சொல்லி எங்க அப்பா காலத்துலயே சாவுக்கு அடிக்கிறத விட்டாச்சு. அதுக்காக அடி வாங்கினாங்க. இப்ப அதையே எச்.டி.ல கொண்டாந்து காட்டுறீங்க. எதுக்கு?"

நியாயமான கேள்வி. எனக்கு முன்னால் பெரியவர் பதில் சொன்னார். "அன்னிக்கு அடிச்சதுக்குக் கூலி என்னான்னு கேளுடா. மரக்கா நெல்லு. அதையும் பதரு கலந்து போட்டான். இவன் படத்துல அது தெரியல. நீ எழுதி வை." தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் உள்ளே போய் ஒரு நோட்டு எடுத்துவந்தான்.

உலகத்தில் இதை நமக்கு முன்னால் செய்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் ஒக்லஹோமாவில் சாலமன் சர் ஜோன்ஸ் என்ற கறுப்பினப் பாதிரியார் 1924 முதல் 1928 வரை தம் மக்களின் கடைகளையும் பள்ளிகளையும் சர்ச்சுகளையும் 16 எம்.எம்.மில் எடுத்துவைத்தார். 2016ல் அந்நாட்டின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் அவற்றைச் சேர்த்தார்கள். இரண்டாம் உலகப்போரில் ஜப்பானிய வம்சத்தாரை அடைத்துவைத்த டோபஸ் முகாமில், டேவ் டட்சுனோ என்ற கைதி கள்ளத்தனமாக வந்த 8 எம்.எம். காமிராவில் எடுத்த படம் 1996லேயே அந்தப் பதிவேட்டில் ஏறிவிட்டது. சிகாகோவில் 2005லிருந்து தென்பகுதிக் கறுப்பினக் குடும்பங்களின் வீட்டுப் படங்களை ஒரு பல்கலைக்கழகம் சேகரிக்கிறது. அவர்கள் கையில் காமிரா இருந்தது. நமக்கு அடுத்தவன் ரீலின் ஓரம்தான் இருக்கிறது. அதையாவது விடாமல் பிடிக்கணும்.

தோழர்களே, உங்கள் ஊர்ப் பண்ணை வீட்டில், மிஷன் பங்களாவில், எஸ்டேட்டில் ஃபிலிம் டப்பா இருக்கிறதா என்று விசாரியுங்கள். மாற்றுகிறவரிடம் முழு ஃப்ரேமையும் வெட்டாமல் கேளுங்கள். தூசி எடுக்காத நகல் ஒன்று கேளுங்கள். சரியான வேகத்தில் கேளுங்கள். மூன்று நகல் போட்டு, ஒன்றை வேறு ஊரில் வையுங்கள். ஹார்ட் டிஸ்க் சொல்லாமல் சாகும். ஸ்கேன் ஆகிவிட்டது என்று ஃபிலிமைத் தூக்கிப் போட விடாதீர்கள், நாளைக்கு இதைவிட நல்ல ஸ்கேனர் வரும். ஆனால் அந்த அடியை விரலால் படிக்கிற பெரியவருக்கு எண்பது தாண்டிவிட்டது. ஐந்தாவது ஆளின் பேர் இன்னும் கிடைக்கவில்லை. சட்டம் படிக்கிற தம்பி பக்கத்து ஊர்களில் கேட்டுக்கொண்டிருக்கிறான்.